போர்ட் லூயிஸில் பயிற்சிக் கப்பல் நிற்கும்போது: கரையிறங்கும் நேரத்தில் எங்கே போகலாம்?

தென்காசி வாணி

என் தம்பி எழிமலை அகாடமியில் முடித்துவிட்டு இப்போது கொச்சியில் பயிற்சிக் கப்பலில் ஏறியிருக்கிறான். [கப்பல் பெயரையும் தேதிகளையும் நீக்கியிருக்கிறேன் – நெறியாளர்] இந்தச் சுற்றில் மொரீஷியஸ் உண்டாம். போர்ட் லூயிஸில் மூன்று நாள் நிற்பார்கள், அதில் இரண்டு நாள் மதியத்துக்கு மேல் வெளியே விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் போட்டு வைத்திருக்கும் பட்டியல்: லே மோர்ன் மலை, சாமரேல் ஏழு நிற மண், கங்கா தலாவ் ஏரி, கிராண்ட் பே கடற்கரை. எனக்கே இது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. அம்மாவுக்கு ஒரே வேண்டுகோள், அங்கே தமிழர் கட்டிய கோயில் இருக்கிறதாமே, அதில் ஒரு அர்ச்சனை. போனவர்கள், அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். பணம், போன், சாப்பாடு பற்றியும்தான். சாப்பாட்டில் அவன் எதையும் விடமாட்டான்.

பழைய மாலுமி

வாணி, முதலில் நெறியாளருக்கு நன்றி. போர்க்கப்பல் எந்தத் துறைமுகத்தில் எப்போது நிற்கும் என்பதை வீட்டார் பொதுவில் எழுதக் கூடாதும்மா. கப்பல் போய்ச் சேர்ந்ததும் கடற்படையே படத்தோடு அறிவிக்கும். அப்புறம் தாராளமாகப் பகிரலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இதை லிபர்ட்டி என்போம். மூன்று நாள் நிற்கிறது என்பதற்காக மூன்று நாளும் எல்லோரும் இறங்க முடியாது. ஆட்களை வாட்ச் வாட்சாக, அதாவது முறைவேலைக் குழுக்களாகப் பிரித்திருப்பார்கள். ட்யூட்டி வாட்ச் கப்பலிலேயே இருக்கும். தீப்பிடித்தாலோ, காற்று வலுத்து ஜெட்டியில் கட்டிய கயிறு அறுந்தாலோ கப்பலைக் காப்பாற்றும் அளவுக்கு ஆள் எந்நேரமும் வேண்டும். மிச்சம் பேர் குவார்ட்டர் டெக்கில், அதாவது பின்பக்க மேல்தளத்தில், வரிசையாக நிற்பார்கள். ட்யூட்டி ஆபீசர் வந்து ஷூவிலிருந்து தலைமுடி வரை பார்ப்பார். சட்டை கசங்கியிருந்தால் கீழே போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும், அதில் அரை மணி போச்சு. கேங்வே, அதாவது கப்பலில் ஏறி இறங்கும் படி, அதன் பக்கத்துப் பலகையில் லீவ் முடியும் நேரம் எழுதியிருக்கும். பத்து மணி என்றால் பத்து மணிக்குக் கப்பலுக்குள் இருக்க வேண்டும். துறைமுக வாசலில் இருந்தேன், செக்யூரிட்டி லேட் ஆக்கினான் என்பதெல்லாம் எடுபடாது. நேரம் தவறி வருகிறவனை அட்ரிஃப்ட் என்போம். பயிற்சியில் இருக்கிறவன் அட்ரிஃப்ட் ஆனால், அடுத்த துறைமுகத்தை மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

தம்பியின் பட்டியலில் பாதிக்கு மேல் தீவின் தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கிறது. மறக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைச்சட்டை

நானும் அந்த வழியில் போனவன்தான். இப்போது கடற்படையில் இல்லை. பழைய மாலுமி அண்ணன் சொன்னதோடு இன்னும் ஒன்று சேர்க்கிறேன்: அந்த மூன்று நாளை யார் யார் தின்பார்கள் என்பது.

முதல் நாள் காலையில் துறைமுகத்துக்குள் நுழையும்போதே வெள்ளைச் சீருடையில் கம்பியோரம் கைக்கெட்டும் தூர இடைவெளியில் நிறுத்திவிடுவார்கள். துறைமுகத்தில் வழிகாட்டும் பைலட் ஏறி, இழுவைப் படகு வந்து, கயிறு கட்டி முடியும்வரை அசையக் கூடாது. கட்டி முடித்ததும் சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் என்று ஆட்கள் வருவார்கள். அவர்கள் முடித்தால்தான் மற்றவர்கள் இறங்கலாம். அதற்குள் டெக் ரிசப்ஷனுக்கு விளக்குத் தோரணம் கட்ட ஆள் கூப்பிடுவார்கள். ரிசப்ஷன் என்றால் தூதரக ஆட்கள், உள்ளூர் அமைச்சர்கள், அங்குள்ள இந்திய வம்சாவளிப் பெரியவர்கள். பயிற்சியில் இருப்பவர்கள்தான் அவர்களோடு பேசிக்கொண்டு, கப்பலைச் சுற்றிக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கால் வலிக்கும், சிரிக்க வேண்டும்.

அடுத்த நாள் பள்ளிப் பிள்ளைகள் கப்பல் பார்க்க வருவார்கள். கடலோரக் காவல்படையோடு கால்பந்து இருக்கும், அவர்கள் கப்பலைப் பார்க்கவும் கூட்டிப்போவார்கள். மொரீஷியஸுக்கு ராணுவம் கிடையாது, கடலோரக் காவல்படை போலீஸின் கீழ் வரும். அவர்களுடைய பாரகுடா கப்பலே கொல்கத்தாவில் கட்டி 2015-ல் சேர்ந்ததுதான். ஆகவே இந்த விசிட் எல்லாம் ஒப்புக்குச் செய்வது கிடையாது, வேலையே அதுதான். சொந்த நேரம் என்று மிஞ்சுவது ஒரு மதியமும் ஒரு சாயங்காலமும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடச் சொல்லுங்கள் அக்கா. கூடக் கிடைத்தால் லாபம்.

திரும்பி வந்ததும் ஜர்னலில், அதாவது பயிற்சிக் குறிப்பேட்டில், துறைமுகத்தைப் பற்றி எழுதி, படமும் வரைய வேண்டும். மால் சுற்றிவிட்டு வந்தவன் அன்று ராத்திரி பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

எபேன்வாசி

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே எபேனில் வேலை பார்க்கிறேன். போர்ட் லூயிஸுக்கு வாரம் முழுக்கப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்த ஊரைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது, சாயங்காலம் ஐந்து மணிக்கு இது பூட்டிக்கொள்ளும். வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ரோஸ் ஹில், கத்ர் போர்ன், குரேப்பிப் என்று மேட்டுநில ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். நாலு மணியிலிருந்து வெளியே போகும் சாலை நெரிசலில் நிற்கும். ஆறரைக்கு மேல் கடைத்தெருவில் ஷட்டரும் நாய்களும்தான். கோடான் வாட்டர்ஃப்ரண்டில் மட்டும் கொஞ்சம் நடமாட்டம் இருக்கும். சனிக்கிழமை மதியமே கடைகள் அடங்கத் தொடங்கும், ஞாயிறு கேட்கவே வேண்டாம். ஜூன், ஜூலையில் வந்தால் இங்கே குளிர்காலம், ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதனால் மதியம் இறங்கினால் மூடுகிற இடங்களை முதலில், மூடாத இடங்களைக் கடைசியில்.

லே மோர்ன் இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சாமரேலுக்கு மலைப்பாதை. கங்கா தலாவ் நடு மேட்டில், மேகத்துக்குள். ஒரு நாள் முழுக்கக் கார் இருந்தால் இதெல்லாம் அருமையான சுற்று. பத்து மணிக்குக் கப்பலில் நிற்க வேண்டிய பையனுக்கு வயிற்றைக் கலக்கும் சுற்று.

மணல்மேடு

எல்லோரும் பையனைப் பயமுறுத்துகிறீர்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் தீவுக்குப் போய், பவழத்திட்டுக்கு உள்ளே இருக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரில் காலை நனைக்காமல் மியூசியம் பார்த்துவிட்டு வரச் சொல்வது என்ன நியாயம்? கிராண்ட் பே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். த்ரூ ஓ பிஷ் அதைவிடப் பக்கம். நாலு பேர் சேர்ந்து டாக்சி எடுத்தால் முக்கால் மணியில் மணலில் இருக்கலாம். ட்ரெய்னிகள் எப்படியும் தனியாகப் போக விடமாட்டார்கள், குழுவாகத்தான் போவார்கள். அவர்கள் வாரக்கணக்கில் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். கப்பலிலிருந்து பார்க்கும் கடலும் இடுப்பளவில் நின்று பார்க்கும் கடலும் ஒன்றா?

பழைய மாலுமி

ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் முக்கால் மணி போகும்போது. திரும்பும்போது டாக்சிக்காரரைத் தேட வேண்டும், ஒருத்தன் போனைக் காணோம் என்பான், இன்னொருத்தன் ஈர டவலோடு வருவான். கூடப் போனவன் தாமதமானால் குழுவே தாமதம். கேங்வேயில் ஒவ்வொருத்தனாகப் பேர் சொல்லி ஏறும்போது ஒரு பேர் மட்டும் குறைந்தால் என்ன நடக்கும் என்று வெள்ளைச்சட்டை தம்பியைக் கேளுங்கள்.

வெள்ளைச்சட்டை

அதைக் கேட்க வேண்டாம் அண்ணே 😄

ஆனால் மணல்மேடு சொல்வதிலும் வழி இருக்கிறது. கப்பலே சில சமயம் பஸ் ஏற்பாடு செய்து மொத்தமாகக் கூட்டிப்போகும். அப்படி அமைந்தால் கடற்கரையோ கங்கா தலாவோ அந்த பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். பஸ் தாமதமானால் அது பஸ்ஸின் பொறுப்பு, அவன் தலையில் விழாது. சொந்த லிபர்ட்டியில் மட்டும் ஊரை விட்டு நகர வேண்டாம். இதுதான் என் கட்சி.

அப்புறம், கடலில் இறங்கினால் காலில் ஏதாவது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். திட்டுக்குள் கடல் முள்ளெலி அதிகம். குதிகாலில் முள்ளோடு பரேடில் நிற்பது கஷ்டம்.

என்ஜின்ரூம்

வணிகக் கப்பலிலிருந்து ஒரு பெருமூச்சு. மூன்று நாளா? டெக் ரிசப்ஷனா? நாங்கள் கன்டெய்னர் கப்பலில் ஜெட்டியைத் தொட்டதிலிருந்து விடும்வரை மொத்தமே பதினைந்து இருபது மணி நேரம். அதில் எண்ணெய் ஏற்றுவது, ஸ்டோர் இறக்குவது, இன்ஸ்பெக்ஷன், ஒரு பம்பைக் கழற்றி மாட்டுவது. இதே போர்ட் லூயிஸுக்கு வந்திருக்கிறேன், பார்த்ததெல்லாம் கிரேனும் அதற்குப் பின்னால் அந்தக் குண்டுக்கல் மலையும்தான்.

சட்டப்படி எங்களுக்கும் உரிமை உண்டு. 1965-ல் வந்த கடல் போக்குவரத்து வசதிகள் ஒப்பந்தம், கரையிறங்கும் மாலுமியிடம் விசா கேட்கக் கூடாது என்கிறது. 2013-ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் உடல்நலம் கருதி கரை விடுப்புத் தர வேண்டும் என்கிறது. ஆனாலும் அமெரிக்கத் துறைமுகத்தில் விசா இல்லாதவன் கேங்வே படியைத் தாண்ட முடியாது. ஒரு துறைமுகத்தில் கரையிறங்கும் அனுமதிச் சீட்டான ஷோர் பாஸைக் கொண்டுவர வேண்டிய ஏஜென்ட், கப்பல் கயிறு அவிழ்க்கும்போது கொண்டுவந்து நீட்டினார். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

வாணி, உங்கள் தம்பிக்குக் கிடைப்பது பெரிய சலுகை. எங்கே போனாலும் சரி, உட்கார்ந்து போனை நோண்டாமல் இருந்தால் போதும்.

சாப்பாட்டுராமன்

மலை, மணல் எல்லாம் பேசியாயிற்று, பையன் என்ன சாப்பிடுவான் என்று கேட்ட அக்காவுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

தால் பூரி. பட்டாணிப் பருப்பை மஞ்சள் போட்டு வேக வைத்து, பொடியாக்கி, மாவுக்குள் அடைத்து, கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட ரொட்டி. தனியாக ஒன்று கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள், ஜோடியாகத்தான் விற்பார்கள். சென்ட்ரல் மார்க்கெட்டுக்குள்ளும் அதைச் சுற்றியும் கண்ணாடிப் பெட்டியோடு நிற்பார்கள். பெட்டியைத் திறந்ததும் ஆவி அடிக்கும். கடைக்காரர் ரொட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் விரித்து, பெரிய பீன்ஸ் குழம்பு ஒரு கரண்டி, ருகாய் என்கிற தக்காளிக் குழம்பு ஒரு கரண்டி, சட்னி எல்லாம் தடவி, "பிமான்?" என்பார். மிளகாய் வேண்டுமா என்று கேட்கிறார். ஊர்ப் பெருமைக்காக நிறையப் போடச் சொல்ல வேண்டாம், அந்தப் பச்சை மிளகாய் விழுது லேசுப்பட்டது கிடையாது. நாலே மடிப்பில் சுருட்டி மெல்லிய தாளில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், குழம்பு முழங்கை வரை வழியும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் உஷார்.

அப்புறம் காதோ பிமான் என்று பேர் போட்டு விற்பது நம்ம பருப்பு வடையேதான், கொஞ்சம் குட்டி. அங்கே அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து நசுக்கிக் காலையில் சாப்பிடுகிறார்கள். தாகத்துக்கு அலூதா: பால், சப்ஜா விதை, கடற்பாசித் துண்டு. சாயங்காலம் ஆகிவிட்டால் பக்கத்திலேயே சீனர் தெரு, அங்கே புலெத் என்கிற ஆவியில் வெந்த உருண்டைகளைச் சூப்போடு தருவார்கள்.

மதியம் தாண்டினால் தால் பூரி தீர்ந்துவிடும். எபேன்வாசி சொன்ன வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்துப் பூனை

பட்டியலில் இல்லாத ஒன்று, கப்பல் நிற்கும் இடத்துக்கு மிகப் பக்கம்: ஆப்ரவாசி காட். 1849-ல் கட்டிய குடியேற்றக் கூடத்தின் மிச்சம். 1834-லிருந்து 1920 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். கல்கத்தா, பம்பாய் போலவே சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றினார்கள். படகிலிருந்து கரைக்கு ஏறும் பதினாறு கற்படிகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் குளியலறை, கழிப்பறை, சமையல் கூடத்துச் சுவர்கள். 2006-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டணம் கிடையாது. நாலு மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு இல்லை. எபேன்வாசி, நேரம் சரிதானே?

இன்னும் பின்னால் போனால் இந்தத் துறைமுகமே தமிழர் கை பட்டது. 1735-ல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கரும்புத் தோட்டக் கூலிகளுக்கு நூறு வருஷம் முந்தைய வரவு அது. கடற்படைக்காரன் நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று அந்த ஊரில் இருந்தால் என் கணக்கில் அந்தப் படிகள்தான். கோடானில் புளூ பென்னி மியூசியமும் உண்டு, 1847-ல் அச்சான அசல் தபால்தலைகள் இரண்டும் இருக்கின்றன. ஒளி பட்டு மங்கிவிடும் என்று மணிக்கு ஒருமுறை சில நிமிஷம் மட்டும் விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். நேரம் அமைந்தால் பார்க்கட்டும்.

தென்காசி வாணி

எல்லோருக்கும் நன்றி. காப்பகத்துப் பூனை எழுதியதைத் தம்பிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். ஜர்னலுக்கு ஆயிற்று என்று சந்தோஷப்பட்டான், கள்ளன். கோயில் பற்றியும் பணம் பற்றியும் யாரும் சொல்லவில்லையே? அங்கே போய்த் தமிழில் பேசினால் போதுமா?

எபேன்வாசி

பூனை சொன்ன நேரம் சரி, வாரநாளில் நாலு மணி. சனிக்கிழமை மதியத்தோடு சரி.

கோயில்: சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில். இங்கே கைலாசன் கோயில் என்றால்தான் டாக்சிக்காரருக்குத் தெரியும். நிக்கொலே ரோட்டில் இருக்கிறது. மார்க்கெட்டிலிருந்து நடந்தால் தூரம், டாக்சியில் கொஞ்ச நேரம்தான். ஏறுவதற்கு முன் வாடகை பேசிக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோயில், கோபுரம், கொடிமரம் எல்லாம் நம்ம ஊர் முறைதான். அர்ச்சனைக்குக் காலையோ சாயங்காலமோ போகச் சொல்லுங்கள், உச்சிவெயிலில் நடை சாத்தியிருக்கும்.

தமிழ் பேசுவது பற்றி: எதிர்பார்க்க வேண்டாம். பேரைக் கேட்டால் வீராசாமி, பிள்ளே, முத்துசாமி என்பார்கள். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பார்கள், அன்று நாடே விடுமுறை. ஆனால் வீட்டில் பேசுவது இந்தத் தீவின் மொழியான கிரியோல். பூசை மந்திரமும் தேவாரமும் தெரியும், "சாப்பிட்டீங்களா" என்றால் சிரிப்பார்கள். அதில் முகம் சுளிப்பதற்கு ஒன்றுமில்லை, தலைமுறைகள் கடந்துவிட்டன. கடையில் நுழைந்ததும் முதல் வார்த்தை "போன்ஜூர்" ஆக இருக்கட்டும். வணக்கம் சொல்லாமல் விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. அதற்கப்புறம் இங்கிலீஷ் போதும்.

பணம்: மொரீஷியஸ் ரூபாய் நம்ம ரூபாய் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மதிப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ இங்கே வந்துவிட்டது, ஆனால் தால் பூரி வண்டியில் ஸ்கேன் பண்ண நினைக்க வேண்டாம். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளட்டும். சிம் வாங்க பாஸ்போர்ட் கேட்பார்கள், கப்பல்காரரிடம் கையில் பாஸ்போர்ட் இருக்காது. கோடானில் ஏதாவது காபிக்கடை வைஃபை பிடித்து வீட்டுக்குப் பேசுவதுதான் எல்லா மாலுமியும் செய்வது. இந்தியா ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அம்மாவைத் தூங்கவிடாமல் வைத்திருங்கள்.

காப்பகத்துப் பூனை

நோட்டு என்றதும் ஒன்று. அந்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். 1998-ல் புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே தள்ளினார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்ததும் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி வழக்கறிஞர், அரசியல்வாதி. தம்பி ஒரு நூறைச் செலவழிக்காமல் கொண்டுவந்தால் எனக்கு வேண்டும், காசு தருகிறேன்.

என்ஜின்ரூம்

பூனை, வரிசையில் எனக்குப் பின்னால் நில். வாணி, நான் பார்த்த குண்டுக்கல் மலையைத் தம்பி படம் எடுத்து அனுப்பினால் போதும். பேர் என்ன அது?

எபேன்வாசி

பீட்டர் போத். 820 மீட்டர், உச்சியில் பெரிய கல் ஒன்று தலை மாதிரி உட்கார்ந்திருக்கும். படம் எடுக்க அடலெய்ட் கோட்டைக்கு ஏறச் சொல்லுங்கள். ஊர் நடுவில் குன்றின்மேல் 1830-களில் ஆங்கிலேயர் கட்டியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் துறைமுகம், அவன் கப்பலே பொம்மை போலத் தெரியும்.

ஆக என் வரிசை: இறங்கியதும் மார்க்கெட்டில் தால் பூரி, நாலுக்குள் ஆப்ரவாசி காட், வெயில் தாழ்ந்ததும் கோட்டை, அங்கிருந்து டாக்சியில் கோயில், இருட்டியபின் கோடானில் வைஃபை. எட்டரைக்குத் துறைமுக வாசல். இரண்டாவது தடவை கிடைத்தால் மணல்மேடு சொன்ன கடற்கரை, ஆனால் மதியம் ஒரு மணிக்கு முன்னால் இறங்கினால் மட்டும்.

மணல்மேடு

ஒரு மணிக்கு முன்னால் இறங்கினால் கடற்கரைக்குப் போகலாம் என்று சம்மதித்ததே எனக்கு வெற்றி.

தென்காசி வாணி

இப்போதுதான் தம்பியிடம் பேசினேன். அவனுக்கு நிச்சயமாகக் கிடைக்கப்போவது சனிக்கிழமை மதியம்தான் என்கிறான். தேதி எழுதவில்லை ஐயா, கிழமை மட்டும்தான் 🙏

எபேன்வாசி

சனி என்றால் வரிசை மாறும். காட் மூடியிருக்கும், வெளியே நின்று வேலி வழியாகப் பார்க்கலாம். மார்க்கெட் திறந்திருக்கும், ஆனால் சீக்கிரம் போக வேண்டும். பந்தயக் காலமாக இருந்தால் சாம்ப் தெ மார்ஸில் குதிரைப் பந்தயம் நடக்கும். 1812-லிருந்து ஓடுகிற மைதானம், நடுப்புல்லில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், சும்மா சுற்றிவர நன்றாக இருக்கும். பந்தயம் விட்டதும் அந்தப் பக்கம் டாக்சி கிடைக்காது. கோயிலை அதற்கு முன்பே முடிக்க முடியாவிட்டால், கூட்டம் கலையும்வரை காத்திருக்காமல் கோடான் பக்கம் நடந்து வந்து அங்கே டாக்சி எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய மாலுமி

பந்தயத்தில் பணம் கட்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லும்மா.